குப்பை கொட்டியவர்

நம்மில் பலர் ஏதோ ஓர் ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டுகிறோம். கீர்த்தி ஒன்றும் வந்துவிடுவதில்லை. அமெரிக்கப் பாடகர் ஆர்லோ கத்ரி ஒரே ஒரு நாள்தான் குப்பை கொட்டினார்; பிரசித்தி அடைந்துவிட்டார்.

1965-ம் வருஷம் நவம்பர் மாதம். அவருக்கு வயது 18. மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் பழைய கிறிஸ்தவக் கோயில் ஒன்றை வீடாக்கிக் குடியிருந்த ஆலிஸ் என்னும் சிநேகிதி, நன்றி கூறும் பண்டிகைக்கு விருந்து வைத்தார். சாப்பிட்டவர் சும்மா இருக்கவில்லை. வீட்டில் சேர்ந்து கிடந்த குப்பையை நண்பர் ஒருவருடன் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பண்டிகையாதலால் ஊர்க் குப்பை மேடு பூட்டிக் கிடந்தது. சாலையோரச் சரிவில் தள்ளிவிட்டுத் திரும்பினார். பிறகு போலீஸ், கோர்ட்டு, அபராதம்.

இவ்வளவுதான் விஷயம். 1967-ல் வெளியான 'ஆலிஸ் ரெஸ்டாரண்ட்' இசைத்தட்டில் ஒரு முழுப் பக்கத்தை இது பிடித்துக்கொண்டது. 18½ நிமிஷம்! பாட்டு என்று சொல்வதே சரியல்ல. கித்தார் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வர, அவர் வசனமாகக் கதை சொல்லிக்கொண்டு போகிறார். எப்போதாவது பல்லவிக்கு வருகிறார். கதாகாலக்ஷேபத்தில் பழகிய நம் காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

கோர்ட்டுக் கட்டம் அபாரம். போலீஸ்காரர் குப்பையை விதவிதமாகப் படம் பிடித்து, அம்புக்குறி போட்டு, விளக்கமும் எழுதிக் கொண்டுவருகிறார். நீதிபதியோ கண் தெரியாதவர்! இது கற்பனையல்ல, மெய்யாகவே அவருக்குப் பார்வை கிடையாது. அபராதம் மட்டும் தலைக்கு 25 டாலராயிருந்தது, பாட்டில் 50 ஆகிவிட்டது. கதை சொல்கிறவருக்கு அந்த வட்டிகூடக் கிடையாதா?

சபை சிரித்து ஓய்வதற்குள் கதை திசை திரும்புகிறது. வியத்நாம் யுத்தத்துக்கு வாலிபர்களைக் கட்டாயமாகப் பிடித்த காலம். நியூயார்க் ராணுவ ஆபீஸில், முன்பு குற்றம் செய்ததுண்டா என்று கேட்கிறார்கள். குப்பை விவகாரத்தைச் சொல்கிறார். கொலைகாரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சிக்கு அனுப்புகிறார்கள். ஊரைக் கொளுத்தவும் மனிதரைக் கொல்லவும் போகிறவனிடம், குப்பை கொட்டிய பாவத்திலிருந்து திருந்தினாயா என்று விசாரணை!

அந்த யுத்தத்தைக் கண்டித்து ஆவேசமாகப் பாடியவர்கள் அநேகர். ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள் கை தட்டினார்கள். ஆர்லோ குரலைக்கூட உயர்த்துவதில்லை. யுத்தப் பிரியனும் சிரித்துவிடுவான். சிரித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று விழிப்பான். ஏழைகளின் பாடகர் என்று பெயர் பெற்ற தந்தை உட்டி கத்ரியிடம் இருந்த கோபம் மகனிடம் இல்லாமலில்லை. அதற்கு விதூஷக வேஷம் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கேலிக்கு ஆளானவர்கள் கோபித்துக்கொண்டார்களா? கதை 1969-ல் சினிமாவானபோது, கைது செய்த அதே போலீஸ்காரரும் அதே நீதிபதியும் தங்கள் வேஷத்தில் தாங்களே நடித்தார்கள்!

பிற்காலத்தில் பாட்டுக்கு வாலும் முளைத்தது. ஜனாதிபதி நிக்ஸனின் ஒலிப்பதிவு நாடாவில் 18½ நிமிஷம் அழிந்துபோன மர்மம் நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். ஆர்லோ மேடையில் கணக்குப் போட்டுக் காட்டினார்: தம் பாட்டின் நீளமும் அதேதானாம்!