ஓட்டல் சமத்துவத்தின் யோக்கியதை

"காசு கொடுத்தால் யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம், ஓட்டலில் ஏது ஜாதி?" என்று தோழர்கள் பலர் நம்மிடம் சொல்லி வருகின்றார்கள். ஜாதி ஒழிந்து போயிற்று என்பதற்கு இவர்கள் காட்டும் முதல் ருஜு ஓட்டல்தான். பஸ்ஸும் ரயிலும் அதற்கு அடுத்தபடிதான். ஆதலால் இந்த முதல் ருஜுவையே சற்று விசாரித்துப் பார்க்கலாம் என்று கருதுகின்றோம். இதை விசாரிக்க நமக்கு ஓரளவு யோக்கியதையும் உண்டு. பிரசாரத்திற்காக ஊர் ஊராய்ச் சுற்றுகிற நமக்கு இருபது வருஷ காலமாக வீட்டுச் சோற்றைவிட ஓட்டல் சோறே அதிகம். பட்டணத்துப் பெரிய ஓட்டல் முதல் கிராமத்துக் கீற்றுக்கொட்டகை டீக்கடை வரையில், இரவில் வேறு கதியில்லாதபோது முட்டையும் பரோட்டாவும் கிடைக்கிற மதுக்கடை பார் உட்பட, நாம் உட்காராத பெஞ்சு அநேகமாய் இல்லை. நாம் கற்ற படிப்பு கொஞ்சமென்றாலும், தின்ற இட்லிக்குக் கணக்கில்லை!

முதலில் ஒரு விஷயம். இன்று ஓட்டலில் எல்லோரும் ஒரு மேஜையில் உட்காருகின்றார்கள் என்றால், அது ஓட்டல்காரர் மனமிரங்கிக் கொடுத்ததுமல்ல, காலம் மாறித் தானாக வந்ததுமல்ல. தேசபக்தர் வ.வே.சு. அய்யர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்கு வேறாகச் சாப்பாடு போடப்பட்டதைக் கண்டித்து 1924, 1925-ஆம் வருஷங்களில் தமிழ்நாடே கொதித்தது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுச் சாலைகளில் பார்ப்பனருக்கு ஒரு இடம், மற்றவருக்கு ஒரு இடம் என்றிருந்த பிரிவினை பலகாலக் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல்தான் எடுபட்டது. கடைகளிலும், பொது ஓட்டல்களிலும் ஜாதி காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்று 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்லிற்று. சொல்லியும் என்ன? ஓட்டல் பெயர்ப்பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற ஒரு சொல்லை எடுக்க 1957-இல் திருவல்லிக்கேணியில் நாள்தோறும் தொண்டர்கள் மறியல் செய்து சிறை செல்ல வேண்டியதாயிற்று. அதற்கும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2012-இல், திருவரங்கத்தில் ஒரு ஓட்டலில் அதே சொல் மறுபடியும் பலகையேறி, மறுபடியும் கிளர்ச்சி நடந்தது. சட்டத்தால் செத்த பேய் பலகையில் எழுந்து உட்காருகிறதென்றால், அது மனிதர் மனத்தில் சாகவில்லை என்றுதானே அர்த்தம்?

"சுத்தம்" என்னும் புரட்டு

ஜில்லாத் தலைநகரம் ஒன்றில் "உயர்தர சுத்த சைவ உணவகம்" என்று பலகை போட்ட ஒரு ஓட்டலில் நாம் பலமுறை சாப்பிட்டிருக்கின்றோம். இட்லி பஞ்சுபோல் இருக்கும்; அதில் குறை சொல்வதற்கில்லை. ஒரு நாள் கல்லாவில் இருந்தவரிடம், "சுத்தம் என்று போட்டிருக்கின்றீர்களே, இங்கே என்ன சுத்தம் விசேஷம்?" என்று கேட்டோம். அவர் பெருமையோடு, "எங்க சமையல்காரங்க எல்லாம் நல்ல குடும்பத்து ஆளுங்க சார். கண்டவங்களை அடுப்பங்கரைக்குள்ள விடமாட்டோம்" என்றார்.

கை கழுவப் பின்பக்கம் போனோம். கதவு திறந்திருந்தது. ஒரு பெரிய தொட்டி. அதில் வடிகஞ்சி நிறத்தில் தண்ணீர். இரண்டு பெண்கள் குந்தியிருந்து அந்தத் தண்ணீரிலேயே தட்டு முக்கி எடுத்துக் கொண்டிருந்தார்கள். மேஜை துடைக்கிற துணியே அந்தத் தட்டுகளையும் துடைத்தது. அந்தப் பெண்கள் யாரென்று விசாரித்ததில், அவர்கள் கல்லாக்காரர் சொன்ன "கண்டவங்க"தான் என்று தெரிந்தது. அவர்கள் அடுப்பங்கரைக்குள் போகக்கூடாது, இட்லியைத் தொடக்கூடாது, ஆனால் அவர்கள் கழுவிக் கொடுத்த தட்டில் "நல்ல குடும்பத்து" இட்லியை வைத்து நாமெல்லோரும் தின்கிறோம். தீட்டு என்பது இட்லியில் ஏறும், தட்டில் ஏறாது போலும்! எச்சிலை எடுப்பதற்கு ஒரு ஜாதி தேவைப்படுகிறது. எடுத்த கை மாத்திரம் ஆகாது என்றால், இந்தச் சுத்தத்தைப் பெருக்கித் தள்ளாமல் வேறென்ன செய்வது?

நாம் அந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது, "நீங்க ஒருத்தர்தான் சார் இதையெல்லாம் பார்க்கிறீங்க" என்று கல்லாக்காரர் சிரித்தார். மெய்தான். பலகையைப் படிக்கிற ஆயிரம் பேரில் ஒருவரும் தொட்டியைப் பார்ப்பதில்லை.

சைவச் சாப்பாட்டைப் பற்றி நமக்கு ஆட்சேபமில்லை. ஒருவர் கீரை தின்பதும், மற்றொருவர் கறி தின்பதும் அவரவர் நாக்கையும் பையையும் பொறுத்த காரியம். நாம் கேட்பதெல்லாம், சுத்தம் என்பது தண்ணீரைப் பொறுத்ததா, தாயார் வயிற்றைப் பொறுத்ததா என்பதுதான். 1854-இல் லண்டன் பட்டணத்தில் ஒரு வட்டாரத்தில் காலரா கண்டு நூற்றுக்கணக்கானவர் செத்தபோது, ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் வீடு வீடாய் விசாரித்து, செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே குழாயில் தண்ணீர் குடித்தவர்கள் என்று கண்டுபிடித்தார். அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றி வைக்கச் செய்தார். அவர் யாருடைய குலத்தையும் கோத்திரத்தையும் கேட்கவில்லை. காலராவும் டைபாய்டும் அழுக்குத் தண்ணீரில் வருகின்றனவேயன்றி, பிறவியில் வருவதில்லை. சோப்பும் கொதிநீரும் போட்டுக் கழுவினால் எந்தக் கை கழுவினாலும் தட்டு சுத்தம். வடிகஞ்சியில் முக்கினால் நான்கு வேதம் ஓதின கை முக்கினாலும் அது அசுத்தமே.

காகிதக் கப்பின் சுகாதாரம்

பட்டணத்தின் யோக்கியதை இது. கிராமத்திற்கு வருவோம். நெல்லைப் பக்கத்தில் ஒரு ஊருக்குக் கூட்டம் பேசப் போயிருந்தோம். நம்மை அழைத்தவர் அவ்வூர்க் காலனியைச் சேர்ந்த ஒரு இளைஞர். மின்சார வேலை செய்கிறவர். சாயங்காலம் இருவரும் டீக்கடைக்குப் போனோம். அந்தக் கடைக்கு விளக்கு மாட்டிக் கொடுத்தவரும் அவரே. நமக்குக் கண்ணாடிக் கிளாஸில் டீ வந்தது. அவருக்குக் காகிதக் கப்பில் வந்தது.

"அண்ணாச்சி, எனக்குக் கிளாஸ், தோழருக்குக் கப்பா?" என்று கேட்டோம்.

"அது ஒண்ணுமில்ல ஐயா, சுகாதாரத்துக்குத்தான்."

"சுகாதாரமானால் எனக்கும் கப்பிலேயே கொடுங்கள்."

"உங்களுக்கு எதுக்கு ஐயா? உங்களப் பாத்தா நம்ம ஆளுக மாதிரில்லா இருக்கு!"

"சரி, அவருக்கும் கிளாஸில் கொடுங்கள்."

கடைக்காரர் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு இவுக ஒருத்தரும் டீ குடிக்க வரமாட்டாக ஐயா. எம் பொழப்பு போயிரும்" என்றார்.

தோழர் நம் கையைப் பிடித்து, "விடுங்கண்ணே, பழகிப் போச்சு" என்றார்.

வாசகர்களே! இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நாம் இன்ன ஜாதியென்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியாது. சட்டையின் வெளுப்பைப் பார்த்து ஒரு ஊகம், அவ்வளவே. தீட்டு என்று ஒன்று மெய்யாகவே இருக்குமானால், நாம் வாய் வைத்த கிளாஸ் அதைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டாமா? கிளாஸ் விரியவில்லை, டீ திரியவில்லை. தெரியாதபோது ஒட்டாமலும், தெரிந்தபோது மாத்திரம் ஒட்டிக்கொள்ளவும் செய்கிற தீட்டு, கிளாஸில் இருக்கிறதா, மண்டையில் இருக்கிறதா?

இரண்டாவது, அந்தக் கடைக்காரர் பார்ப்பனரல்ல. பெஞ்சில் இருந்தவர்களிலும் ஒருவர்கூடப் பார்ப்பனர் இல்லை. எல்லோரும் "நம்ம ஆளுக"தான்! ஓட்டலில் தனக்கு வேறு இடம் போட்டதற்காகக் கொதித்துக் கிளம்பிய கூட்டத்தின் பேரப் பிள்ளைகள், இன்று தங்களுக்குக் கீழே ஒருவனுக்கு வேறு கப்புக் கொடுத்துவிட்டு மீசையைத் தடவிக்கொள்கின்றார்கள். மேலே இருப்பவன் தன்னைச் சூத்திரன் என்றால் ரோஷம். கீழே இருப்பவனைத் தான் அதற்கும் தாழ்த்தினால் கௌரவம். இதற்குப் பெயர் சுயமரியாதையா என்று நாம் கேட்கின்றோம். நாலு படியும் இருக்கட்டும், நான் மாத்திரம் ஒரு படி ஏறிக்கொள்கிறேன் என்பவன், படியை இடிக்க வந்தவன் ஆகமாட்டான்.

முன்பு இரண்டு கிளாஸ் வைத்திருந்தார்கள். அது கண்ணுக்குத் தெரிந்த அயோக்கியத்தனம். இப்போது பல ஊர்களில் கிளாஸ் போய்க் கப்பு வந்திருக்கிறது. இது சுகாதாரச் சட்டை போட்ட அயோக்கியத்தனம். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று என்பதுகூட இந்தச் சுகாதாரப் பிரியர்களுக்கு ஞாபகம் வருவதில்லை.

பத்து மணி வரை சமத்துவம்

அன்றிரவு கூட்டம் முடிந்தபோது ஒன்பது மணி. கடைகளெல்லாம் சாத்தியாகிவிட்டன. ஊருக்கு வெளியே மதுக்கடை பாரில் மாத்திரம் விளக்கு எரிந்தது. நாம் குடிப்பவரல்ல, பசிக்கு இரண்டு ஆம்லெட் தின்னப் போனோம். உள்ளே கண்ட காட்சியை என்னவென்று சொல்லுவது! சாயங்காலம் டீக்கடைப் பெஞ்சில் மீசை தடவிக்கொண்டிருந்த இருவரும், காலனியைச் சேர்ந்த வேறு இருவரும் ஒரே மேஜையில். ஒரு தட்டுச் சுண்டலில் நாலு கை. ஒருவர் கப்பை மற்றொருவர் எடுத்துக் குடிக்கின்றார். "மாப்ளே, இந்தா பிடி" என்கிறார் ஒருவர். "மச்சான், போதும்" என்கிறார் மற்றவர்.

டீக்குத் தீட்டு உண்டு, சாராயத்திற்கு இல்லை போலும்! பாரில் மாப்பிள்ளையென்று கூப்பிடுகிறவன் பிள்ளை, நாளைக்கு மெய்யாகவே மாப்பிள்ளையாக வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதைப் பத்திரிகைகளில் அடிக்கடி படித்து வருகின்றோம். இந்தச் சமத்துவம் இரவு பத்து மணிக்குக் கடை சாத்துவதோடு தீர்ந்து, போதை இறங்குகிறபோது தானும் இறங்கிவிடுகிறது. காலையில் அதே ஆள், அதே கையில், அதே கப்பு.

இதைக்கொண்டு நாம் குடிக்குப் பரிந்து பேசுவதாக யாரும் கருதிவிட வேண்டாம். 2003 முதல் அரசாங்கக் கழகமே சில்லறை மதுக்கடை நடத்தி வருகிறது. கூலியில் பெரும்பாகம் அங்கே போய், அடுப்பு எரியாத வீடுகளை நாம் நேரில் கண்டிருக்கின்றோம். நாம் சொல்வதெல்லாம், புத்தி மயங்கியிருக்கும்போது மனிதனாயிருக்க முடிகிறவனுக்குப் புத்தி தெளிந்திருக்கும்போது ஏன் முடியவில்லை என்பதே. அவனைக் கெடுப்பது சாராயம் மாத்திரமா, அதைவிடக் கெட்டியான வேறொரு போதையா?

இனி ஒரு ஆட்சேபம். "கடை அவனுடையது, எவனுக்கு எதில் கொடுத்தால் உனக்கென்ன?" என்பார்கள். பொது ஜனங்களுக்கென்று திறந்த கடை அவன் வீட்டுச் சமையலறையல்ல. 1955-இல் செய்யப்பட்டு, 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்ட சட்டத்தின் 4-ஆவது பிரிவு, ஓட்டலுக்குள் வருவதைத் தடுப்பதை மாத்திரமல்ல, அங்கே பொது உபயோகத்திற்கு வைத்திருக்கும் பாத்திரங்களைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. தண்டனை 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமுமாகும். சட்டம் கிளாஸ் வரையில் வந்துவிட்டது. மனிதன்தான் இன்னும் வரவில்லை. ஆகஸ்டு 15-இல் அதிகாரிகள் கோவிலில் பொதுவிருந்து போட்டு எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுகின்றார்கள். மற்ற நாள்களில் டீக்கடைப் பெஞ்சில் என்ன நடக்கிறதென்பதை அவர்கள் ஒரு நாளாவது வந்து பார்க்கட்டும்.

ஆகவே தோழர்களே! பெரிய தியாகம் எதையும் நாம் உங்களைக் கேட்கவில்லை. ஓட்டலுக்குப் போனால் பலகையைப் பார்க்காதீர்கள். தட்டுக் கழுவும் தொட்டியைப் பாருங்கள். தண்ணீரை மாற்றச் சொல்லுங்கள். தட்டுக் கழுவுகிறவருக்கு அடுப்பங்கரையிலும் இடமுண்டா என்று கேளுங்கள். டீக்கடையில் உங்கள் பக்கத்தில் நிற்பவருக்குக் கப்பு நீட்டப்பட்டால், உங்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அவருக்கும் கிளாஸ், இல்லையேல் எனக்கும் வேண்டாம்" என்று சொல்லுங்கள். கடைக்காரர் பயப்படுவது தர்மத்திற்கல்ல, பெஞ்சுக்குத்தான். பெஞ்சில் பத்துப்பேர் இப்படிச் சொன்னால் பதினோராவது நாள் கப்பு மறைந்துவிடும்.

அன்று நாம் அந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தோம். அதனால் நமக்கு நஷ்டம் பத்து ரூபாய். "விடுங்கண்ணே, பழகிப் போச்சு" என்று ஒரு வாலிபனைச் சொல்ல வைத்த நாட்டிற்கு என்ன நஷ்டம் என்பதை, நாளைக் காலையில் கிளாஸைக் கையில் எடுக்கும்போது ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்கின்றோம்.