குளம்பைக் கையில் வாங்கும் பிள்ளைகள்



பள்ளிவிட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையை என்ன செய்வது என்று கேட்டுப் பெற்றோர் எழுதும் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. அவர்களை மனத்தில் வைத்து, லண்டனில் உள்ள ஒரு குதிரை லாயத்தைப் பற்றி எழுதுகிறேன்.

தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதி. சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், பக்கத்திலேயே ரயில் பாதை. அந்த நெரிசலுக்குள் இருக்கிறது ‘எபோனி ஹார்ஸ் கிளப்’. 1996இல் தொடங்கிய தொண்டு அமைப்பு. குதிரையேற்றம் என்றாலே வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்றிருக்கும் நாட்டில், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளை இங்கே சேணத்தில் ஏற்றுகிறார்கள். சவாரியோடு விடுவதில்லை. லாயத்தைக் கூட்டுவது, தீனி வைப்பது, உடம்பைத் தேய்த்துவிடுவது எல்லாம் பிள்ளைகள் பழக வேண்டிய வேலைகள்.

குளம்பைச் சுத்தம் செய்வதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குதிரையின் தோளை ஒட்டி, அதன் வால் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். கையைக் கால் வழியாக மெல்லத் தடவிக்கொண்டே கீழே இறக்க வேண்டும். குதிரைக்கு இஷ்டமிருந்தால் காலைத் தூக்கும். இல்லையென்றால் யார் இழுத்தாலும் தூக்காது. ஓடித் தப்பியே பிழைத்துவந்த விலங்குக்குக் கால்தான் உயிர். சுமார் 500 கிலோ எடையுள்ள அந்த உயிர் தன் காலை ஒரு சிறுமியின் கையில் கொடுத்துவிட்டு, அவள் மண்ணைச் சுரண்டி எடுக்கும்வரை மூன்று காலில் பொறுமையாக நிற்கிறது. ‘உன்னால் முடியும்’ என்று நாம் நூறு தடவை சொல்லி ஏறாத தைரியம் அங்கே ஏறுகிறது என்று நான் நம்புகிறேன்.

குதிரை நம் முகத்தையும் படிக்கும். கோபமான மனித முகத்தின் படத்தைக் கண்டதும் குதிரைகளின் இதயத்துடிப்பு விரைவாக ஏறியதை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். பதறிப்போய்க் கயிற்றை இழுக்கும் பிள்ளையிடம் குதிரை முரண்டு பிடிக்கும். அதே பிள்ளை மூச்சைச் சீராக்கி, தோளைத் தளர்த்தி நடந்தால் கூடவே வரும். பதற்றம் தணிந்தால் என்ன நடக்கும் என்பதை அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடுகிறது.

எபோனி கிளப்பில் சவாரி பழகியவர்தான் கதீஜா மெல்லா. 2019 ஆகஸ்டில், 18 வயதில், ஹிஜாப் அணிந்து குட்வுட் மைதானத்தில் மக்னோலியா கோப்பைப் பந்தயத்தை வென்றார். பந்தயக் குதிரையில் அவர் முதன்முதலாக ஏறியதே அந்த ஆண்டில்தான். ஆனால் எந்தக் கோப்பையும் வாங்காமல், வாய் திறந்து நாலு வார்த்தை உரக்கப் பேசப் பழகிக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். குதிரைவழிச் சிகிச்சையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறிய அளவில் நடந்தவை. மனச்சோர்வு ஆழமாக இருந்தால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். குதிரை அதற்குத் துணையாக வரட்டும். பழக்குபவர் பயிற்சி பெற்றவரா, தலைக்கவசம் தருகிறார்களா என்று விசாரித்த பிறகே பிள்ளையை அனுப்புங்கள்.

உங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் குதிரைகளோடு இப்படிப் பழகவிடும் இடம் இருந்தால் எழுதுங்கள். கேட்டு எழுதிய பெற்றோருக்கு உடனே தெரிவிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்