கேமரா ஒயரும் ஏர்பேக்கும்

ஜூஜூவாடி எல்லையிலிருந்து சூளகிரி, கிருஷ்ணகிரி வரை 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே கார் ஓட்டுகிறவர்கள் டேஷ் கேமரா வைத்துக்கொள்வது நல்லதுதான். மோதல் நடந்தால் யார் மேல் தப்பு என்று வாய்ச்சண்டை வளராது.

மாட்டும்போது எல்லோரும் சொல்வது, "ஒயர் வெளியே தெரியக் கூடாது." நியாயம்தான். தொங்கும் ஒயர் கையில் சிக்கும். அதனால் கண்ணாடியின் மேல் ஓரத்தில் கூரை விரிப்புக்குள் சொருகி, கண்ணாடியை ஒட்டிய தூண் வழியாக இறக்கி, ஃபியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோவார்கள்.

கவனிக்க வேண்டியது அந்தத் தூணைத்தான். கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அது கூரை ஓரத்திலும் தூண் மூடிக்குள்ளும் மடிந்து கிடக்கும். ஒயர் அதன் முன்னால் போனால், பை விரியும்போது தடுக்கும். பின்பக்கமாகத்தான் போக வேண்டும். அதற்கு மூடியைக் கழற்றியாக வேண்டும். பத்தே நிமிஷத்தில் விரலால் அழுத்திச் சொருகுகிறவர் கழற்றுவதில்லை.

காரின் ஒயரை வெட்டி ஒட்டவும் விடாதீர்கள். ஃபியூஸ் டேப் போட்டு, சாவியை அணைத்தால் மின்சாரம் நிற்கும் ஃபியூஸில் கொடுத்தால் பேட்டரியும் இறங்காது.

கேமரா விலையில் பேரம் பேசுங்கள். மாட்டும் கூலியில் வேண்டாம். பக்கத்தில் நின்று, மூடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். சாட்சிக்காக வைக்கும் பொருள் உயிர் காக்கும் பொருளுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது.