இசை ஆய்வு: கேள்வியே வழிகாட்டட்டும்

இசையில் முதுகலை முடித்து முனைவர் பட்டத்துக்கு இடம் தேடுவோர் பலரும் முதலில் விசாரிப்பது மூன்றைத்தான்: ஊருக்குப் பக்கமா, பகுதிநேரமாகச் சேரலாமா, எத்தனை ஆண்டில் முடியும்? எதை ஆராயப் போகிறோம், அதற்கு நெறியாளர் எங்கே இருக்கிறார் என்பது கடைசியில்தான் வருகிறது. விளைவு, நெறியாளருக்குத் தோதான தலைப்பு மாணவர் தலையில் விழுகிறது. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். மாற்றும் பொறுப்பு மாணவர்களைவிடப் பல்கலைக்கழகங்களுக்கே அதிகம்.

தமிழகத்தில் இடங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத்துறை 1932-இல் தொடங்கியது; இசையியல் அறிஞர் பி. சாம்பமூர்த்தி பணியாற்றிய துறை அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்விக்குத் தமிழிசை இயக்கத்தின் பின்புலம் உண்டு. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இசைக்கும் கவின்கலைக்குமென்றே 2013-இல் அரசு ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவியது.

ஆனால் எல்லா ஆய்வுக்கும் எல்லா இடமும் பொருந்தாது. தேவாரப் பண்களை ஆராய்பவருக்கு ஓதுவார்களின் துணையும், தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் நடத்திவரும் பண் ஆராய்ச்சியின் பதிவுகளும் வேண்டும். தஞ்சை மராத்திய மன்னர் கால இசை நூல்களை எடுப்பவருக்குச் சரசுவதி மகால் நூலகமும், சுவடி படிக்கத் தெரிந்த நெறியாளரும் தேவை. கமகங்களை ஒலிப்பதிவுகளில் அளந்து பார்க்க நினைப்பவருக்கு ஒலியியல் அறிந்த இணை நெறியாளர் இல்லாமல் முடியாது.

பாடகர் எஸ். இராமநாதன் சிலப்பதிகார இசையையும், புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதன் ராக ஆலாபனையையும் ஆராய்ந்து, 1970-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்கள். நம் இசையை ஆராய அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்கலாம். மேடைக் கலைஞர்களையே ஆசிரியர்களாக அமர்த்தி, அவர்களின் கலையறிவை ஆய்வறிவாக மதித்த துறை அங்கே இருந்தது. இருவரும் தம் கலையிலிருந்தே எழுந்த கேள்வியோடு போனார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

விதிகளும் நெறியாளரையே மையமாக வைக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்களைத்தான் நெறிப்படுத்தலாம். ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதியவர்களை ஏற்க முடியாது. எனவே துறையின் புகழைப் பார்த்து விண்ணப்பித்தால் போதாது. நமக்கு உகந்த நெறியாளரிடம் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் பலவும் 'சோத்கங்கா' இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. இரண்டையாவது படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

வேலையையும் குடும்பத்தையும் விட்டு வெளியூர் போக முடியாது என்று பலர், குறிப்பாகப் பெண்கள், சொல்வது நியாயமே. அவர்களுக்காகவே பகுதிநேர ஆய்வுக்கு விதிகள் இடம் தருகின்றன. பெண்களுக்குக் கூடுதல் காலமும் உண்டு. ஆனால் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காகவே துறை அறியாத ஒருவரிடம் பதிவு செய்வது, ஆண்டுக்கணக்கான உழைப்பை அடமானம் வைப்பதாகும். வேறு நிறுவனத்திலிருந்து இணை நெறியாளரை அமர்த்திக்கொள்ள விதியில் வழி இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் அதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

சேர்க்கை அறிவிப்பு வரும்போதே ஒவ்வொரு இசைத்துறையும் நெறியாளர்களின் ஆய்வுப் புலம், காலியிடம், ஓய்வுபெறும் ஆண்டு, அவர்களிடம் முடிந்த ஆய்வேடுகள், துறையிலுள்ள ஒலிப்பதிவு, சுவடி வசதிகள், முழுக் கட்டண விவரம் ஆகியவற்றை வெளியிட வேண்டும். விண்ணப்பிக்கும் முன் நெறியாளரைச் சந்தித்துப் பேசவும் மாணவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. அடுத்த சேர்க்கைக்கு முன்பே இதைச் செய்ய உயர்கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.