யார் ஆண்டாலும் அதே அளவுகோல்

2012 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவில் தொகுதியில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு. மறுநாள் திங்கட்கிழமை, கூடங்குளம் அணு உலையைத் திறக்கலாம் என்று தமிழக அமைச்சரவை முடிவெடுத்தது. ராதாபுரம் வட்டத்தில் 144 தடை உத்தரவு வந்தது. இடிந்தகரையைச் சுற்றிப் போலீஸ் குவிந்தது. வட்டார வளர்ச்சிக்கு 500 கோடி ரூபாய் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. அதற்கு ஆறு மாதம் முன்னால், 2011 செப்டம்பரில், மக்களின் அச்சம் தீரும்வரை உலைப் பணிகளை நிறுத்தி வையுங்கள் என்று மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டதும் இதே அமைச்சரவைதான். அப்போது உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது.

அணு உலையை எதிர்த்து இடிந்தகரை மாதா கோயில் பந்தலில் பட்டினி கிடந்த மீனவப் பெண்கள் எந்தக் கட்சிக்கும் துரோகம் செய்யவில்லை. அவர்களுடைய கோரிக்கை செப்டம்பரிலும் மார்ச்சிலும் ஒன்றேதான். மாறியது தேர்தல் நாள்காட்டி. மாநில அரசு நம் பக்கம் நிற்கிறது என்று நம்பிய ஆறு மாதத்துக்குப் பின்னால் அவர்களுக்குக் கிடைத்தவை தேசத்துரோக வழக்குகள்.

சுற்றுச்சூழல் இயக்கங்கள் கட்சி அரசியலில் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் எப்போது எடுத்தாலும் இந்த இரண்டு தேதிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். நமது நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சூழல் இயக்கங்கள் அரசியல் பேச வேண்டும். இப்போது பேசுவதைவிட உரக்கவே பேச வேண்டும். கட்சிகளைப் பெயர் சொல்லி, தேதி சொல்லிக் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் எந்தக் கட்சிக்காகவும் ஓட்டுக் கேட்கக் கூடாது. எந்தக் கட்சியின் ஆட்சிக்கும் சலுகைக் காலம் தரக் கூடாது.

“நீங்கள் மரம் நடுங்கள், அரசியல் எதற்கு?” என்று ஆட்சியில் இருப்பவர்கள் அறிவுரை சொல்கிறார்கள். இதை ஏற்கவே முடியாது. ஏரியில் பேருந்து நிலையம் கட்டுவதும், கழிமுகத்தில் சாம்பல் கொட்டுவதும், விளைநிலத்தில் துளையிட உரிமம் தருவதும் அரசியல் முடிவுகள். அவற்றை எதிர்ப்பதும் அரசியல்தான். வெளிநாட்டுப் பணத்தில் போராட்டம் நடக்கிறது என்று 2012-இல் பிரதமராக இருந்த மன்மோகன் சிங் கூடங்குளத்தைக் குறித்துச் சொன்னார். 2015-இல் நரேந்திர மோடி அரசு கிரீன்பீஸ் இந்தியா அமைப்பின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவையே ரத்து செய்தது. ஆட்சி மாறியது, வாதம் மாறவில்லை. 2020 மார்ச்சில் இன்சாஃப் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு கோடு போட்டது. கட்சி அரசியலில் பங்கில்லாத ஓர் அமைப்பு, மக்கள் உரிமைக்காகப் போராட்டத்தை ஆதரித்தது என்பதற்காக மட்டும் அதை அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்தி நன்கொடையைத் தடுக்க முடியாது என்றது. நாம் சொல்ல வரும் வேறுபாடும் அதுவே. அந்தக் கோட்டை அரசு மீறக் கூடாது. இயக்கங்களும் அழித்துவிடக் கூடாது.

இயக்கங்கள் ஏன் ஒரு கட்சியை நம்பக் கூடாது என்பதற்குத் தமிழ்நாட்டின் கோப்புகளே சாட்சி. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு 1994-இல் அடிக்கல் நாட்டியவர் அதிமுக முதல்வர் ஜெயலலிதா. அது இயங்கத் தொடங்கியது திமுக ஆட்சியில். 2018 மே மாதம் போராட்டக்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்து விழுந்தது மறுபடி அதிமுக ஆட்சியில். காவிரி டெல்டாவின் மீத்தேன் திட்டத்துக்கு 2011 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டது திமுக அரசு. கிராமம் கிராமமாகச் சென்று அதை எதிர்த்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில், அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே உயிர்விட்டார். பிறகு அதிமுக அரசு மீத்தேனைத் தடுத்தது, 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் கொண்டுவந்தது. நல்ல சட்டம், ஆனால் ஏற்கெனவே நடந்துவந்த எண்ணெய் எரிவாயுப் பணிகளைத் தொடவில்லை. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்களையும் சேர்க்கவில்லை. சேலம் எட்டு வழிச் சாலைக்காக விளைநிலத்தைப் பறிக்காதே என்று எதிர்க்கட்சியாக முழங்கிய திமுக, ஆட்சிக்கு வந்து ஓராண்டு கழிந்ததும் பரந்தூர் வயல்களில் விமான நிலையம் என்று அறிவித்தது.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகும், ‘குறைந்த தீமை’ என்று ஒரு கட்சியைத் தேர்ந்தெடுத்து அதன் மேடையில் ஏறும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளைத் தளர்த்த 2020-இல் வரைவு கொண்டுவந்ததும், வனப் பாதுகாப்புச் சட்டத்தை 2023-இல் திருத்தியதும் மத்திய பாஜக அரசு. பெரிய ஆபத்து டெல்லியிலிருந்து வரும்போது மாநிலத்தில் இருக்கும் ஆட்சியைச் சங்கடப்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். மேலும், 2021-இல் வந்த திமுக அரசு சில காரியங்களை உருப்படியாகவே செய்தது. அதற்கு முன் கோடியக்கரை மட்டுமே ராம்சார் தலமாக இருந்த மாநிலத்தில் 2025 தொடக்கத்தில் 20 தலங்கள் இருந்தன. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடல்பசுவுக்குக் காப்பகம் வந்தது. கடவூரில் தேவாங்குக்குச் சரணாலயம் வந்தது. மேலூர் அருகே அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரே அளவுகோல் என்றால் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் என்று அர்த்தமில்லை.

ஆனால் அந்த ஆட்சியில்தான், 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்ட முன்வடிவு விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், அதற்குள் அகப்படும் ஏரி, ஓடை, வாய்க்கால் எல்லாவற்றையும் திட்டத்தோடு சேர்த்து ஒப்படைக்க வழிசெய்யும் சட்டம் அது. கண்மாய்ப் பாசனத்தில் வாழும் ஒரு மாநிலத்தில் இதைவிடப் பெரிய சூழல் செய்தி அந்த ஆண்டில் இல்லை. அதே நாளில் அதே அவையில் இன்னொரு முன்வடிவும் நிறைவேறியது: தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் தருவது. கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. நிலச் சட்டமோ 2024 அக்டோபரில் நடைமுறைக்கே வந்துவிட்டது.

ஒரே நாளில் பிறந்த இரண்டு சட்டங்களுக்கு ஏன் இரண்டு விதி? தொழிற்சங்கங்கள் கட்சி சார்ந்தவை, அதனால்தான் வென்றன; சூழல் அமைப்புகளும் கட்சிகளுக்குள் போக வேண்டும் என்று சிலர் இதற்கு விளக்கம் சொல்லக்கூடும். நாம் அப்படிப் பார்க்கவில்லை. ஆளும் தரப்பின் தொழிலாளர் அமைப்பும் தோழமைக் கட்சிகளும் அன்று தங்கள் சொந்த அணியின் சட்டத்தையே எதிர்த்தன. பணம் கட்டிய உறுப்பினர்கள் இருந்தார்கள், ஆலை வாயில் இருந்தது, கூட்டணி உடைந்தாலும் சரி என்ற துணிவு இருந்தது. சூழல் இயக்கத்துக்கு இந்த மூன்றும் வேண்டும். உறுப்பினர் இல்லாமல் அறிக்கை மட்டும் விடும் அமைப்பு, ஆட்சியில் இருப்பவரின் தொலைபேசி அழைப்பை நம்பியே காலம் தள்ள வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் சியரா கிளப் கதையை இங்கே சொல்லலாம். 1892-இல் ஜான் மியூர் தொடங்கிய அமைப்பு அது. 1966-இல் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. அந்தத் திட்டத்தை முன்வைத்தது எதிரி அரசு அல்ல. ஜனநாயகக் கட்சியின் ஜான்சன் ஆட்சி. உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் உடால், இயற்கைப் பாதுகாப்பில் நிஜமான அக்கறை கொண்டவர். விளம்பரம் வந்த மறுநாளே வருமான வரித் துறையின் கடிதம் வந்தது. நன்கொடைக்கான வரிவிலக்கு பறிபோனது. ஆனால் உறுப்பினர்கள் குவிந்தார்கள், உடால் பின்வாங்கினார், அணைகள் கட்டப்படவில்லை. நண்பரின் திட்டம் என்று அன்று விட்டுக்கொடுத்திருந்தால் இன்று அந்தப் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் நின்றிருக்கும்.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த நாட்டில் நடந்ததும் முக்கியம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை 1970-இல் அமைத்தவர் குடியரசுக் கட்சியின் நிக்சன். அருகிவரும் உயிரினங்கள் சட்டம் 1973-இல் பிரதிநிதிகள் சபையில் 355-க்கு 4 என்று நிறைவேறியது. அந்தக் காலத்தில் காற்றும் காடும் எந்தக் கட்சியின் சொத்தாகவும் இல்லை. 1984-இல் சியரா கிளப் முதல் முறையாக அதிபர் வேட்பாளர் ஒருவரை, ஜனநாயகக் கட்சியின் வால்டர் மாண்டேலை, ஆதரித்தது. இன்று அங்கே சூழல் என்றாலே ஒரு கட்சியின் கொள்கை. அந்தக் கட்சி தோற்கும்போதெல்லாம் பாரிஸ் ஒப்பந்தம் முதல் புகைக் கட்டுப்பாடு வரை தலைகீழாகிறது. இந்தப் பிளவுக்கு அமைப்புகள் மட்டும் காரணமல்ல. எண்ணெய், நிலக்கரி முதலாளிகளின் பணத்துக்கும் குடியரசுக் கட்சியின் மாற்றத்துக்கும்தான் அதில் பெரிய பங்கு. ஆனாலும் இரு பக்கமும் கதவைத் தட்டும் வலிமையை அமைப்புகள் இழந்தன என்பது உண்மை.

நம் ஊரில் ஒரு சூழல் கேள்வி கட்சிக் கேள்வியாக மாறினால் என்ன ஆகும் என்பதை 2023 ஜனவரி 31 அன்று சென்னை கலைவாணர் அரங்கத்தில் பார்த்தோம். மெரினா கடலுக்குள் 134 அடி உயரத்தில் கருணாநிதிக்குப் பேனா நினைவுச் சின்னம் வைப்பது பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம். ஆமைகள் முட்டையிட வரும் கரை, அங்கே வலை போடும் மீனவர்கள், கடலரிப்பு என்று கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. எதிர்த்துப் பேசியவர்களைக் கூச்சல் போட்டு அடக்கினார்கள். கட்டினால் உடைப்பேன் என்று நாம் தமிழர் கட்சியின் சீமான் மேடையில் முழங்க, விவாதம் கருணாநிதிக்கு ஆதரவா எதிர்ப்பா என்று சுருங்கிப்போனது. ஆமையும் மீனவரும் அந்த அரங்கத்தை விட்டே வெளியே தள்ளப்பட்டார்கள். சட்டப்படி அவர்களுக்காகத்தான் அந்தக் கூட்டம்.

மேலூரில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனதும் ஊர்கள் தாமாகவே கூடின. வணிகர்கள் கடையடைத்தார்கள். ஜனவரி 7 அன்று விவசாயிகள் மதுரை வரை நடந்தார்கள். சுரங்கச் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்தது யார், மத்திய அரசின் கடிதத்துக்கு உடனே எதிர்ப்புச் சொல்லாமல் இருந்தது யார் என்று சட்டப்பேரவையில் கட்சிகள் ஒன்றையொன்று குற்றம்சாட்டின. ஆனால் டிசம்பர் 9 தீர்மானத்தை எல்லோரும் ஆதரிக்க வேண்டியிருந்தது. ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பெருமையைச் சொந்தம் கொண்டாட எல்லாக் கட்சிகளும் போட்டி போட்டன. அந்தப் போராட்டம் எந்தக் கொடிக்கும் சொந்தமாக இல்லாததால்தான் எல்லாக் கொடிகளும் அதற்குப் பணிந்தன.

போராடுபவர் தேர்தலில் நிற்கவே கூடாதா? நிற்கலாம், அது குடிமகனின் உரிமை. கூடங்குளம் போராட்டத்தின் சுப. உதயகுமாரும் புஷ்பராயனும் 2014-இல் ஆம் ஆத்மி வேட்பாளர்களாக நின்று டெபாசிட்டையும் இழந்தார்கள். ஆயிரக்கணக்கான மக்களின் பல ஆண்டுப் போராட்டத்தைச் சில ஆயிரம் ஓட்டு என்ற எண்ணாகக் காட்ட எதிராளிக்கு அது வசதியாயிற்று. வேட்பாளராக விரும்புபவர் அமைப்பின் பொறுப்பை முதலில் விட்டுவிட வேண்டும். அரசுக் குழுக்களில் இடம் பெறுபவர்களுக்கும் இது பொருந்தும். குழுவில் இருக்கும் காலம் வரை அந்தத் துறையைப் பற்றி அமைப்பின் சார்பில் வேறொருவர் பேசட்டும்.

அமெரிக்காவில் 1970-இல் தொடங்கிய லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ், நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் சூழல் சட்டங்களில் எப்படி வாக்களித்தார் என்று ஆண்டுதோறும் மதிப்பெண் வெளியிடுகிறது. அந்த அமைப்பு வேட்பாளர்களையும் ஆதரிக்கிறது. அதை நாம் விட்டுவிடலாம், மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படியே எடுக்க முடியாது. நம் சட்டப்பேரவையில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். கொறடா உத்தரவை மீறினால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போய்விடும் என்பதால் தனி உறுப்பினரின் வாக்கைக் கணக்கெடுத்துப் பயனில்லை. இங்கே கணக்கெடுக்க வேண்டியது கட்சியை. எந்த அரசாணை எந்த ஆட்சியில் எந்தத் தேதியில் வந்தது, எந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படாமல் விடப்பட்டது, கிராம சபைத் தீர்மானங்களில் எதை மாவட்ட நிர்வாகம் மதித்தது, தேர்தல் அறிக்கையில் சொன்னதில் எது நடந்தது, எதிர்க்கட்சியாக இருந்தபோது அவையில் என்ன பேசினார்கள் என்று தொகுதி வாரியாக, எளிய தமிழில், எல்லா அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்டால் போதும். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று வாக்காளர் முடிவு செய்துகொள்வார்.

பரந்தூர் திட்டத்தில் ஊரையும் ஏரியையும் இழக்கவிருக்கும் ஏகனாபுரத்து மக்கள் கிராம சபையில் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து பேசிவிட்டுப் போனார்கள். 2025 ஜனவரியில் தவெக தலைவர் விஜயும் வந்தார். வந்தவர்களில் யார் ஆட்சிக்கு வந்தாலும் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை ரத்து செய்வார்களா என்று எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டியது சூழல் அமைப்புகளின் வேலை. அடுத்து ஓட்டுக் கேட்டு அந்தத் தெருவுக்குள் யார் நுழைந்தாலும், திமுகவோ அதிமுகவோ பாஜகவோ தவெகவோ, அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கைகூப்ப வேண்டும்.