கயிற்றுப் பையும் கூலிக் கணக்கும்

கூடலூரில் வயர் கூடை பின்னத் தெரிந்த ஒருவர் முதல் தடவையாகக் குரோஷே ஊசியைக் கையில் எடுத்தால், அவரைப் புதிதாகப் பழகுகிறவர் என்று சொல்வது பாதிதான் சரி. ஊசிதான் புதிது. இழுவையை ஒரே சீராகப் பிடிப்பது, எண்ணிக்கை பிசகாமல் வரிசை ஏற்றுவது, அடிப்பாகத்தை முடித்துவிட்டுத்தான் சுவரை எழுப்புவது என்று ஒரு பைக்கு வேண்டிய முக்கியமான மூன்று பாடங்களும் அந்தக் கைக்கு ஏற்கெனவே வசப்பட்டவை.

கூடலூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, வயர் கூடை ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பின்னப்பட்டது. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் அதுதான் போகும். மலை ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாட்டுத் தூக்கும் அதில்தான் உட்காரும். அளந்து வெட்டிய வயர்களை, நீளமாக ஓடும் ஒரு வயரில் முடிச்சு முடிச்சாகக் கோத்து அடியைப் பின்னுவார்கள். பிறகு நான்கு பக்கமும் திருப்பி மேலே ஏற்றுவார்கள். முனைகளை வெளியே தெரியாமல் உள்பக்கம் செருகி, கடைசியில் கைப்பிடி போடுவார்கள். சாதா முடிச்சு கைவந்ததும் அடுத்தது சிவன் கண், பிஸ்கட், நெல்லிக்காய். இதில் நெல்லிக்காய்க் கூடையின் உடம்பெங்கும் உருண்டை உருண்டையாக முடிச்சு புடைத்து நிற்கும். இன்றைக்குக் கடைகளில் தொங்கும் தடித்த கயிற்றுக் கைப்பைகளை உற்றுப் பார்த்தால், அதே புடைப்பைத்தான் வேறொரு வழியில் கொண்டுவந்திருப்பது தெரியும். குரோஷேயில் அதற்குப் பெயர் பாப்கார்ன் தையல்.

வழி எப்படி வேறு? வயர் கூடையில் ஒவ்வொரு முடிச்சுக்கும் முழு வயரையும் இழுத்தாக வேண்டும். குரோஷேயில் ஊசியின் கொக்கி, உருண்டையிலிருந்து வரும் நூலைப் பிடித்து, ஏற்கெனவே இருக்கும் கண்ணிக்குள் இழுத்து, அடுத்த கண்ணியை உண்டாக்குகிறது. சாதாரணத் தையல்களில் ஒவ்வொன்றும் முடியும்போது ஊசியில் மிஞ்சுவது ஒரே ஒரு கண்ணி. இரண்டு ஊசியால் ஸ்வெட்டர் பின்னுகிறவருக்கு ஒரு வரிசைக் கண்ணிகள் முழுக்க ஊசியில் நிற்கும். ஒன்று நழுவினால் கீழ்வரை பிரிந்துகொண்டே போகும். குரோஷேயில் அந்தப் பயம் குறைவு. தப்பு வந்த இடம் வரைக்கும் நூலைப் பிடித்து இழுத்தால், போட்ட வரிசையிலேயே பின்னோக்கிப் பிரியும். பிறகு அங்கிருந்து தொடரலாம். பழகுகிறவருக்கு இதைவிடத் தாராளமான கைத்தொழில் அதிகம் இல்லை.

முதலில் கயிறு. மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள பருத்திக் கயிறு மக்ரமே நூல் என்ற பெயரில் கிடைக்கிறது. பாலியஸ்டர் கயிறும் அதே தடிமனில் உண்டு. மூன்றாவது ஒன்று, கூடலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது: பனியன் வேஸ்ட். திருப்பூர்ப் பனியன் துணியின் வெட்டுத் துண்டுகளை கிரீஸ் துடைக்கக் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள் அல்லவா, அதே துணியை நீள நாடாவாக வெட்டி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால், ஓரங்கள் தாமாகவே உள்ளே சுருண்டு உருண்டையான கயிறாகிவிடும். பின்னல் துணிக்கு இருக்கும் குணம் அது. டி-ஷர்ட் யார்ன் என்று உலகம் முழுக்க விற்கப்படுவது இதுதான்.

கூடலூர்க்காரர் கயிறு வாங்கும்போது வானத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் இது. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் மலையிலிருந்து சாரல் இறங்கும். பருத்திக் கயிறு கைக்கு இதம். ஆனால் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், காய நாளாகும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பாலியஸ்டர் சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆனால் ஊசியில் வழுக்கும், வெட்டிய முனை பிரியும். முனையை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டி உருக்கி ஒட்டினால் அது அடங்கும். முதல் பைக்குப் பருத்தியே நல்லது. வழுக்காத நூலில் கண்ணி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அதே காரணத்துக்காக வெளிர் நிறத்தை எடுக்க வேண்டும். கறுப்புக் கயிற்றில் கண்ணியைத் தேடுவது, பழகிய கண்ணுக்கே சிரமம்.

நான்கைந்து மில்லிமீட்டர் கயிற்றுக்கு ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் ஊசி போதும். சட்டைக்கோ சால்வைக்கோ பின்னும்போது துணி தொளதொளவென்று விழ வேண்டும் என்பதற்காகப் பெரிய ஊசி எடுப்பார்கள். பைக்கு நேர்மாறு. சின்ன ஊசியால் இறுக்கமாகப் பின்னினால்தான் பை தானே நிமிர்ந்து நிற்கும். இறுக்கத்துக்கு மணிக்கட்டு விலை கொடுக்கும் என்பதால், அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்குவது அவசியம்.

அடிப்பாகம் நீள்வட்டம். 21 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி, வரிசையாக 19 சிங்கிள் குரோஷே என்ற குட்டைத் தையல். கடைசிச் சங்கிலியில் மட்டும் மூன்று. அப்படியே திரும்பி, சங்கிலியின் அடுத்த பக்கத்தில் 18. தொடங்கிய சங்கிலியில் இன்னும் இரண்டு. ஆக மொத்தம் 42. அடுத்த சுற்றிலிருந்து இரண்டு முனைகளிலும் மும்மூன்று கூட்ட வேண்டும்: 48, 54, 60. கூட்டுவது குறைந்தால் அடி கிண்ணமாகக் குழியும். கூடினால் ஓரம் அலை அலையாகச் சுருளும். தரையில் வைத்துப் பார்த்தால் எது என்று உடனே தெரிந்துவிடும். சுற்று எங்கே தொடங்கியது என்பதற்கு அடையாளமாக முதல் கண்ணியில் ஓர் ஊக்கு மாட்டி வைத்தால் போதும்.

60 வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு அடுத்த சுற்றில் மட்டும் ஒவ்வொரு கண்ணியின் பின் இழையில் மாத்திரம் ஊசியை விட்டுப் பின்னினால், அடிக்கும் சுவருக்கும் நடுவே தெளிவான ஒரு மடிப்பு விழும். அதற்குப் பிறகு சுவர் நேராக ஏறும்.

இங்கேதான் புடைப்பு வேலை தொடங்குகிறது. பாப்கார்னுக்கு ஒரே கண்ணியில் டபுள் குரோஷே என்ற உயரமான தையல் ஐந்து போட்டு, ஊசியை வெளியே எடுத்து, ஐந்தில் முதலாவதன் தலையில் நுழைத்து, விட்ட கண்ணியைப் பிடித்து இழுக்க வேண்டும். ஐந்தும் ஒன்றாகக் குவிந்து வெளியே துருத்தும். இதைவிட எளிது பஃப் தையல்: நூலைச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்திலிருந்து மூன்று நீளக் கண்ணிகளை இழுத்து, எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் மூடுவது. 60 என்ற எண்ணுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அது 3, 4, 5, 6 எல்லாவற்றாலும் மிச்சமில்லாமல் வகுபடும். நான்குக்கு ஒரு புடைப்பு என்றால் சுற்றுக்கு 15 வரும். நடுவே ஒரு சுற்று சாதாரணமாகப் பின்னி, அடுத்த புடைப்புச் சுற்றை இரண்டு கண்ணி தள்ளித் தொடங்கினால், நெல்லிக்காய்க் கூடையைப் போலவே ஒன்று விட்டு ஒன்று மாறி நிற்கும்.

புடைப்பு வெறும் அழகுக்காக மட்டும் இல்லை. அது துணியைத் தடிமனாக்கிப் பையை நிமிர்த்துகிறது. பழகாத கையில் இழுவை கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு. வழவழப்பான சிங்கிள் குரோஷே பரப்பில் அது பளிச்சென்று தெரியும், புடைப்புகளுக்கு நடுவே தெரியாது. அதனால் முதல் பைக்கே புடைப்பு வேலையை எடுப்பதில் தயங்க ஒன்றுமில்லை. கயிறு மட்டும் அதிகம் பிடிக்கும்.

கடைசியில் கைப்பிடி. பருத்திக் கயிற்றில் பின்னிய நீளப் பட்டை பாரம் ஏறினால் நீண்டுகொண்டே போகும். இரண்டு கிலோ பன்னீர் திராட்சையைத் தூக்கி நடந்தால், தோளில் தொங்கிய பை இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும். பட்டையின் பின்புறம் நைலான் நாடா ஒன்றை வைத்துத் தைத்துவிட்டால் நீளாது. உள்ளே காடாத் துணியில் ஒரு பை தைத்துச் சேர்த்தால் சாவியும் சில்லறையும் கண்ணி வழியாக எட்டிப்பார்க்காது.

இத்தனையையும் செய்து முடித்தவருக்குத் தெரியவரும் ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பத்தி எழுதப்படுகிறது. அது நேரம்.

சட்டை, ஸ்வெட்டர், லேஸ் எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. உண்மையான குரோஷேத் தையலைத் தொழிற்சாலை அளவில் போட்டுத்தள்ளும் இயந்திரம் மட்டும் இன்றைக்கும் புழக்கத்தில் இல்லை. குரோஷே என்று பெயர் சொல்லும் தறிகள் அந்தச் சாயலில் வேறு பின்னலைத்தான் தருகின்றன. ஆகவே கடையில் தொங்கும் அசல் குரோஷே பை ஒவ்வொன்றையும் எங்கோ ஒருவர், ஒவ்வொரு கண்ணியாகக் கையால் போட்டிருக்கிறார். பை மலிவாக இருக்கிறது என்றால் அவருடைய மணி நேரம் மலிவாக்கப்பட்டிருக்கிறது.

வரலாறு இதை இரண்டு பக்கமும் காட்டுகிறது. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்களில் கற்றுக்கொடுத்த குரோஷே லேஸ் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நம் தெற்கில், 1821-ல் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் வேலை கற்றுக்கொடுத்தார். அது குரோஷே இல்லை, திண்டில் ஊசி குத்தி நூல் பின்னும் முறை. அந்தக் கூலியைச் சேர்த்து, அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததோ 1855-ல்தான். நூல் வேலைக்குக் கைக்கு நேராகக் காசு வந்தபோது அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மறுபக்கம் ஆந்திராவின் நர்சாப்பூர். மேற்குக் கோதாவரிக் கரையின் இந்த ஊரைச் சுற்றிப் பெண்கள் தலைமுறைகளாகக் குரோஷே லேஸ் பின்னி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களைப் பற்றி எழுதிய ஆய்வு 1982-ல் புத்தகமாக வந்தது. அவர் கண்டது இதுதான்: நாள் முழுக்கப் பின்னுகிறவர்களை 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்' என்றும், அவர்கள் செய்வதை 'ஓய்வு நேர வேலை' என்றும் வியாபாரம் பெயரிட்டு வைத்திருந்தது. ஓய்வு நேரத்துக்கு யாரும் கூலி கணக்கிடுவதில்லை அல்லவா? ஏற்றுமதி செய்தவர்கள் செல்வந்தர்களானார்கள். பின்னியவர்களுக்குக் கிடைத்தது சொற்பம்.

அந்தப் பெயர் நம்மூரிலும் உயிரோடுதான் இருக்கிறது. 'வீட்ல சும்மா இருக்கப்போ பின்னுனதுதானே' என்று சொல்லி விலை கேட்பவர்களை, வயர் கூடை விற்றவர்கள் எல்லோரும் சந்தித்திருப்பார்கள்.

ஆள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னை காட்டியது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், 2016 ஜனவரி 31 அன்று உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வைக்கான கின்னஸ் சாதனையைப் படைத்தார்கள். பரப்பு 11,148.5 சதுர மீட்டர். பள்ளத்தாக்கு விவசாயிக்குப் புரியும்படி சொன்னால், ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர் வயல். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தத்தம் வீட்டில் பின்னிய துண்டுகள் சேர்ந்து உருவானது அது. சிதறிக் கிடக்கும் வீட்டு வேலையை ஓர் அமைப்பாகச் சேர்க்க முடியும் என்பதற்கு நல்ல உதாரணம்.

கூடலூருக்கு அந்த அளவு வேண்டாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. பாலித்தீன் பைக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. கையில் ஒரு பையோடு கடைக்குப் போகும் பழக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. தேக்கடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் கைவேலைப் பொருள் தேடி வாங்குகிறவர்கள். சந்தை தொட்டுவிடும் தூரத்தில்தான் இருக்கிறது. விலையைச் சொல்லும் துணிச்சல்தான் தேவை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். புதிதாகப் பழகுகிறவர் புடைப்பு வேலை செய்த ஒரு பையைப் 16 மணி நேரத்தில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பார்த்தால் இரண்டு நாள். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். இரண்டு நாளைக்கு 672. கயிறு, காடாத் துணி, நாடா, ஜிப், பஸ் செலவு எல்லாம் இதற்கு மேலே. இதற்குக் குறைத்து விற்றால், மண் வெட்டிய கூலிகூடப் பின்னிய கைக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கை தேறத் தேற நேரம் குறையும். அப்போது கூடும் வருமானம் அந்தத் தேர்ச்சிக்கு உரியது. விலையைக் குறைத்து அதை வாங்குபவருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

குழுவின் கணக்கு நோட்டில் கயிறு, துணி, ஜிப் என்று எழுதும்போது அடுத்த வரியில் 'பின்னிய நேரம்' என்றும் எழுதி, எதிரே ரூபாயைப் போட வேண்டும். பையில் தொங்கவிடும் விலைச் சீட்டிலும் அந்த மணிக்கணக்கை அச்சிட வேண்டும். பேரம் பேச வருகிறவர் எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்று தெரிந்துகொண்டு பேசட்டும்.