‘மந்திரி’ என்று மறைந்துபோன ஒருவர்

அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரம் எங்கட ஞாயிறுப் பாடசாலைகளில் அடிக்கடி சொல்லித் தருகிற கதை. எருசலேமில் இருந்து காசாவுக்குப் போகிற வனாந்தர வழி. எத்தியோப்பியர் ஒருவர் இரதத்தில் இருந்தபடி ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிப்போய் ஏறி, பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்கிறார். வழியில் தண்ணீரைக் கண்டதும், தான் ஞானஸ்நானம் எடுக்க ஏதும் தடை இருக்கா என்று அவர் கேட்கிறார். பிலிப்பு ஒரு தடையும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தண்ணிக்குள்ள இறங்குகினம்.

எங்கட வீடுகளில் இருக்கிற பழைய வேதாகமம் அவரை ‘மந்திரி’ என்றுதான் சொல்லும். கிரேக்க மூலத்தில் அவருக்குள்ள சொல் அண்ணகர் என்பதற்கான சொல். அரண்மனை அதிகாரி என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதால் மொழிபெயர்த்தவர்கள் அப்படி எடுத்திருக்கலாம். ஆனால் அதே வேதாகமம் ஏசாயா 56இலும் மத்தேயு 19இலும் ‘அண்ணகர்’ என்றே எழுதுகிறது. நடபடிகளில் மட்டும் அந்த ஆள் மந்திரியாகிவிட்டார். பதவி மட்டும் தெரியுது, உடம்பு மறைஞ்சு போச்சு.

இது ஏன் முக்கியம்? உபாகமம் 23:1 இப்படிப்பட்டவர்களைச் சபைக்குள் சேர்க்கக் கூடாது என்கிறது. ஏசாயா 56 அதே ஆட்களுக்குக் கடவுளின் வீட்டுக்குள் இடமும் பெயரும் உண்டு என்று வாக்குக் கொடுக்கிறது. நடபடிகள் 8இல் அப்படி ஒருவர் ஞானஸ்நானமே எடுத்துவிடுகிறார். அண்ணகரும் இன்றைய திருநரும் தற்பாலீர்ப்புள்ளவர்களும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. ‘உன்ர உடம்பு சரியில்லை, வெளியில நில்’ என்ற விதியை வேதமே தனக்குள் தாண்டிப் போயிருக்கிறது என்றுதான் சொல்கிறோம்.

இப்ப வன்னிக்கு வருவோம். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு கிராமத்துப் பிள்ளைக்குச் சேர்ச் என்பது ஞாயிறு ஒரு மணித்தியாலம் மட்டும் இல்லை. பாட்டுக் குழு, ஒளிவிழா நாடகம், இளையோர் ஒன்றியம், சிநேகிதம் எல்லாம் அங்கதான். கொழும்பில் என்றால் ஒரு இடத்தில் ஒதுக்கினால் இன்னொரு இடம் தேடலாம். யாழ்ப்பாணத்தில்கூட அண்மைய வருடங்களில் பால்புதுமையினர் வெளிப்படையாக நடைபயணம் போயிருக்கிறார்கள். மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கிற பிள்ளைக்கு அந்த வாய்ப்பு எட்டாத தூரம். ஆலயத்துக்குள் இடம் இல்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு ஊருக்குள்ளயே இடம் இல்லை.

எங்களோடு கதைக்கிற நண்பர்கள் சொல்வது கிட்டத்தட்ட ஒரே மாதிரியான விசயங்கள். நம்பிச் சொன்னது அடுத்த கிழமை தாய் தகப்பன் காதுக்குப் போயிருக்கும். பிறகு ‘விடுதலை ஜெபம்’, உபவாசம், தலையில் கைவைத்துப் பேயோட்டல். அதுவும் சரிவரவில்லை என்றால் அவசரமாகக் கலியாணப் பேச்சு. அந்தக் கலியாணத்தில் வந்து மாட்டுப்படுகிற மற்றப் பிள்ளையைப் பற்றி யாரும் யோசிக்கிறதில்லை.

‘இது வெளிநாட்டுக் கலாசாரம்’ என்கிறார்கள். உண்மையில் வெளியில் இருந்து வந்தது சட்டம்தான். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் பிரித்தானியர் கொண்டுவந்தது. அதன் 365, 365அ பிரிவுகள்தான் இன்றும் இந்த உறவுகளைக் குற்றமாக்குகின்றன. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் இழுத்தது. பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த திருத்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது இல்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மேயில் தீர்மானித்தது. அந்தச் சட்டமூலம் நிறைவேறவில்லை.

‘சட்டம் எப்படியும் இருக்கட்டும், வேதம் பாவம் என்று சொல்லுதே’ என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கு. லேவியராகமத்தையும் ரோமரையும் எப்படி வாசிப்பது என்பதில் உலகத் திருச்சபைகளே ஒரு முடிவில் இல்லை. அந்த விவாதம் நடக்கட்டும். கத்தோலிக்கத் திருச்சபை தற்பாலினத் திருமணத்தை ஏற்கவில்லை, தன் போதனையையும் மாற்றவில்லை. ஆனாலும் இவர்களை மரியாதையோடு ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்று அதன் மறைக்கல்வி ஏடே சொல்கிறது. தற்பாலீர்ப்பு குற்றம் இல்லை என்று 2023 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வெளிப்படையாகச் சொன்னார். அதே வருடம் டிசம்பர் 18இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், தற்பாலின இணையருக்குத் திருமணச் சடங்கு போலத் தோன்றாத விதத்தில் குருக்கள் ஆசீர் கொடுக்கலாம் என்றது. ஆகவே மிகப் பழமையான நிலைப்பாட்டில் நிற்பவருக்கும் ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவோ அவமானப்படுத்தவோ அனுமதி இல்லை.

வன்னியின் திருச்சபைக்கு இதை நாங்கள் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. 2009இல் வலைஞர்மடம் ஆலயத்தைச் சுற்றி சனம் தஞ்சம் புகுந்தபோது யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை. சனத்தோடு கடைசிவரை நின்ற அருட்தந்தை சரத்ஜீவன் மே 18இல் உயிரிழந்தார். அதே நாட்களில் சரணடைந்தவர்களோடு சேர்ந்து போன அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் இன்றுவரை திரும்பவில்லை. ‘நீ யார், எந்த ஊர், எந்தச் சாதி, எந்த இயக்கம்’ என்று கேட்காமல் பக்கத்தில் நிற்பதுதான் சேர்ச் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் இவர்கள்தான். அந்தச் சேர்ச்சின் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள்தான் இப்ப கடைசி வாங்கில் பயந்துகொண்டு இருக்கிறார்கள்.

நாங்கள் கேட்பது பெரிய காரியங்கள் இல்லை. ஒரு பிள்ளை நம்பிச் சொன்னதை அந்தப் பிள்ளை கேட்காமல் வீட்டுக்குச் சொல்லாதீர்கள். பேயோட்டுவதையும் ‘மாற்றுகிற’ ஜெபத்தையும் நிறுத்துங்கள். இது நோயும் இல்லை, பேயும் இல்லை. பிரசங்கத்தில் இவர்களை வைத்துப் பகிடி விடாதீர்கள், ஏனென்றால் அந்தப் பகிடிக்கு எல்லாரோடும் சேர்ந்து சிரிக்க வேண்டிய கட்டாயத்தில் ஒரு பிள்ளை அங்க இருக்கும். பாட்டுக் குழுவில் இருந்தும் வாசகம் வாசிக்கிறதில் இருந்தும் யாரையும் விலத்தாதீர்கள்.

குருமார் செய்யும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. இளையோர் கூட்டத்தில் நடபடிகள் 8ஐ அடுத்தமுறை எடுக்கும்போது ‘மந்திரி’ யார் என்று உரத்துச் சொல்லுவோம். பிலிப்பு முதலில் செய்தது பக்கத்தில் ஏறி இருந்ததுதான். அதை நாங்களும் செய்யலாம்.